வேட்டைக்கு வழியில்லாத ஊரில் பிள்ளைகளையும் சபையாரையும் எங்கே அழைத்துச் செல்வது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடியேறிய உங்கள் மைத்துனர் தம் சபைச் சகோதரர்களோடு மலைக்கு மான் வேட்டைக்குப் போகிறார். தம் மகனையும் கூட்டிக்கொண்டு போகிறார். படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இங்கே சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் வளரும் உங்கள் 12 வயது மகன் அவற்றைப் பார்த்துவிட்டு, "நம்ம மட்டும் ஏன்ப்பா எங்கயும் போறதில்ல?" என்று கேட்டிருக்கிறான். டிசம்பர் விடுமுறையில் அவனை அங்கே அழைத்துப் போகலாமா, கிறிஸ்தவனுக்கு வேட்டை தகுமா, சிங்கப்பூரில் அதற்கு ஈடாக ஏதாவது உண்டா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஆராதனை முடிந்ததும் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு அவரவர் வழியில் போய்விடுகிறோம், பத்து வருடமாகப் பக்கத்தில் உட்காருகிறவரைக்கூடச் சரியாகத் தெரியாது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளையோடும் விசுவாசிகளோடும் உடம்பு களைக்க எதையாவது சேர்ந்து செய்ய வேண்டும் என்ற ஏக்கம் அது. அதை மனத்தில் வைத்தே மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளிப்புறக் கல்விப் பயிற்றுவிப்பாளராக இருந்தவன். எங்கள் தமிழ்ச் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் பதினான்கு ஆண்டுகளாக மீன்பிடிக்கவும் நடைப்பயணத்துக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வேட்டைக்கு ஒரே ஒருமுறை, அதுவும் துப்பாக்கியைத் தொடாமல், விருந்தாளியாகப் போயிருக்கிறேன். நான் வழக்கறிஞனும் அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. ஆகவே கடலோரமும் காட்டுப்பாதையும் பற்றி நான் சொல்வதை அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு விசுவாசியின் கருத்தாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் போதகரோடும் பேசுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடுமையாக்கப்பட்டு வனவிலங்குச் சட்டம் என்ற புதுப்பெயர் பெற்ற சட்டத்தின்படி, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றிக் காட்டு உயிரினங்களைக் கொல்வதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் குற்றம். அவற்றுக்குத் தீனி போடுவதுகூடக் குற்றம்தான். காட்டுப்பன்றி தொல்லை கொடுக்கிறது, உடும்பு கறி மருந்துக்கு நல்லது என்று பெரியவர்கள் சிலர் இன்னமும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பி யாரும் இறங்கிவிடக் கூடாது. துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி உரிமமின்றி அதை வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும் உண்டு, பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை.

இதில் உங்கள் மகனுக்குச் சொல்லத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. விக்டோரியா மலைகளில் உங்கள் மைத்துனர் தேடிப் போகும் மான் பெரும்பாலும் நம் கடமானாகத்தான் இருக்கும். கன்னியாகுமரிப் பக்கத்தில் மிளா என்பார்கள். இந்தியாவையும் இலங்கையையும் சொந்தமாகக் கொண்ட அந்த மானை 1860-களில் வெள்ளைக்காரக் குடியேறிகள் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். புலியோ சிறுத்தையோ இல்லாத காட்டில் அது பெருகி, இளமரங்களின் பட்டையை உரித்தும் ஓடைக்கரைச் சேற்றைக் குழப்பியும் அந்த மண்ணின் செடிகளைக் கெடுக்கிறது. அதே கடமான் சிங்கப்பூரில் மண்டாய்க் காட்டோரம் சிறு கூட்டமாக வாழ்கிறது. 1970-களில் விலங்குத்தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. அங்கே உரிமம் பெற்றுச் சுடும் மிருகத்தை, இங்கே விரைவுச்சாலையில் கார் மோதிவிடாமல் காக்கப் பாடுபடுகிறார்கள். வேட்டை சரியா தவறா என்பது எந்த மிருகம், எந்த மண், என்ன காரணம் என்பதைப் பொறுத்தது என்பதை ஒரு பையனுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வேதத்துக்கு வருகிறேன். ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தில் நோவாவின் வீட்டாருக்கு மாம்சம் உணவாகக் கொடுக்கப்பட்டது என்பதிலும், லேவியராகமம் 17-ஆம் அதிகாரம் உணவுக்காக வேட்டையாடுவதை அனுமதித்து, அப்படிப் பிடித்த மிருகத்தின் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூடச் சொல்கிறது என்பதிலும் கருத்து வேறுபாடு எழ வாய்ப்பில்லை. உயிர் கர்த்தருடையது, அதை எடுக்கிறவன் அலட்சியமாக எடுக்கக் கூடாது என்பதே அந்தப் பிடி மண்ணின் பொருள் என்று நான் வாசிக்கிறேன். உபாகமம் 22-இல் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காமல் விட்டுவிடச் சொல்வதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். வெறும் விளையாட்டுக்காக, கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கிடந்த இடத்திலேயே விட்டுவருவதற்காகச் சுடலாமா என்பதில் நல்ல விசுவாசிகள் இரு பக்கமும் இருக்கிறார்கள். என் மனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேட்டைக்காரன் என்றால் ஏசாவைப் போல உலகப்பிரகாரமானவன், யாக்கோபு போன்ற கூடாரவாசியே பக்தன் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. ஏசா வனசஞ்சாரியாய் இருந்ததை வேதம் எங்கும் குறையாகச் சொல்லவில்லை; பசியில் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, அற்பமாக எண்ணியதைத்தான் குறை சொல்கிறது.

டிசம்பர்ப் பயணத்தைப் பற்றி: போங்கள். ஆனால் பையனை மட்டும் தனியாக அனுப்பாமல் நீங்களும் போங்கள். விக்டோரியாவில் 12 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் இளையோர் உரிமம் பெற்று, பெரியவர் மேற்பார்வையில்தான் துப்பாக்கியைக் கையாள முடியும். வெளிநாட்டிலிருந்து விருந்தாளியாக வருகிறவருக்கு என்ன நடைமுறை என்பதை உங்கள் மைத்துனர் அம்மாநிலக் காவல்துறையிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். முதல் பயணத்தில் அவன் துப்பாக்கியைத் தொடாமல் கூட நடந்தாலே போதும் என்பது என் துணிபு. திரும்பும்போது தோட்டாவையோ சுட்டுப்போட்ட வெற்றுக் கூட்டையோ நினைவுப்பொருள் என்று பையில் போட்டுக்கொண்டு வர விடாதீர்கள். சாங்கி விமான நிலையத்தில் அது பெரிய சிக்கலாகிவிடும். இறைச்சி கொண்டுவர நினைத்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளை முதலில் பாருங்கள். அங்கேயே சமைத்து எல்லோருமாகச் சாப்பிட்டு முடிப்பது நல்லது.

நான் போன அந்த ஒருமுறையைச் சொல்கிறேன். ஆறு பேர், மூன்று நாள். முதல் இரண்டு நாட்கள் மானின் குளம்படியும் மரத்தில் கொம்பு உரசிய தடமும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் விடியலில், எங்களில் மூத்தவர், எழுபதை நெருங்கிய ஒரு தச்சர், ஒரு பெண்மானைச் சுட்டார். ஓடிப்போய்ப் பார்ப்போம் என்று நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கால் மணி நேரம் அசையாமல் இருந்தோம். பிறகு அருகே போனபோது குளிரில் அதன் உடலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஈரப் புல்லும் இரும்பும் கலந்தாற்போல ஒரு வாடை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு, அதன் கழுத்தில் கையை வைத்தபடி ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். யாரும் கைதட்டவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. அதன்பின் மூன்று மணி நேரம், தோலுரித்துத் துண்டாக்கிய இறைச்சியை முதுகில் சுமந்துகொண்டு செங்குத்தான சரிவில் ஏறினோம்; அவருடைய பேரன், பதினான்கு வயது, தன் பங்குச் சுமையை யாரிடமும் கொடுக்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது அந்தப் பையன் தானாகவே வாய் திறந்து, பள்ளியில் தனக்கு நடக்கும் ஒரு கொடுமையைத் தாத்தாவிடம் சொன்னான். இரண்டு நாட்கள் ஒன்றும் கிடைக்காமல் காத்திருந்ததும், சுமை தூக்கியதும், ஒரே சட்டியில் சாப்பிட்டதும்தான் அவன் வாயைத் திறந்தன என்று அப்போது நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த மூன்றும் இங்கே கிடைக்குமா? தூண்டிலில் கிடைக்கும். யோவான் 21-ஆம் அதிகாரத்தில் பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்கிறான், மற்றவர்கள் நாங்களும் வருகிறோம் என்கிறார்கள். ஏழு பேர் இரவு முழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் காத்திருக்கின்றன. எங்கள் ஐக்கியத்தின் முதல் பயணம் ஏறக்குறைய அப்படியே நடந்தது, மீன் கிடைக்காததையும் சேர்த்து. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பிடோக் படகுத்துறை, பாசிர் ரிஸ் கரை, நன்னீருக்கு லோயர் சிலேத்தார், பிடோக் நீர்த்தேக்கங்கள் என்று நாங்கள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். மீன்பிடிக்க அனுமதித்த பகுதி எது என்பதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டும்தான், புழுவோ இறாலோ கூடாது. பராமரிப்பு வேலை காரணமாக அந்த இடம் மூடியிருக்குமா என்பதையும் புறப்படுமுன் பாருங்கள். ஜொகூர் கடலில் கேலோங் எனப்படும் மீன்பிடி மேடையில் ஓர் இரவு தங்குவது இதைவிட நெருக்கமான அனுபவம், ஆனால் செலவு அதிகம். இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். என் மகனுக்குப் பத்து வயதானபோது அவனை முதன்முதலாகப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனேன். தூண்டிலைப் போட்ட கையோடு, பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்து, "மனுஷரைப் பிடிக்கிறவர்கள்" என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். நடுவில் அவன் தூண்டில் நுனி இரண்டு முறை துடித்தது. அவன் கண் அங்கே போனது, நான் அதட்டி என் பக்கம் திருப்பினேன். அடுத்த முறை கூப்பிட்டபோது வயிறு வலிக்கிறது என்றான். அந்த ஆண்டு முழுவதும் வரவில்லை. பிள்ளைகளோடு வழியில் நடக்கும்போதும் பேசு என்று உபாகமம் 6 சொல்வதை நான் மேடைப் பேச்சாக மாற்றியிருந்தேன். இப்போது எங்கள் ஐக்கியத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: புறப்படும்போது ஒரு சிறு ஜெபம், சாப்பிடும்போது ஒன்று, நடுவில் பெரியவர்கள் யாரும் வேதபாடம் தொடங்குவதில்லை. பிள்ளை கேட்டால் மட்டும் பதில் சொல்வோம். கேட்காமல் போன நாட்களும் நிறைய உண்டு. வெளியே கூட்டிப்போனால் பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைப்பார்கள் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. எங்களோடு வளர்ந்தவர்களில் சபைக்கு வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. ஆனால் வராதவர்களும் அப்பாவோடு பேசுகிறார்கள்.

பிள்ளைக்கு உண்மையான வேலை கொடுங்கள். கைக்கு எட்டாமல் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு, மீன் மாட்டியதும் சுருளை மட்டும் அவனைச் சுற்றவிட்டுப் படம் எடுப்பது விளையாட்டுப் பொம்மை கொடுப்பதற்குச் சமம். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓதப் பட்டியலைப் பார்த்து எந்த மணிக்குப் போகலாம் என்று அவன் தீர்மானிக்கட்டும். முடிச்சு அவன் போட்டது அவிழ்ந்து மீன் போனால் போகட்டும். சின்ன மீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விடக் கற்றுக்கொடுங்கள். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். வைத்துக்கொள்ளும் மீனைத் துடிக்கத் துடிக்க வாளியில் போட்டு வைக்காமல், தலையில் ஓங்கி ஒரே அடியாக அடித்து உடனே கொல்ல வேண்டும் என்பதையும் மறைக்காமல் காட்டுங்கள். எங்களோடு வந்த ஒரு சிறுவன் தன் முதல் மீனை அப்படிக் கொன்றபின் வெகுநேரம் பேசவில்லை. வீட்டில் அவன் அம்மா குழம்பு வைத்தபோது தட்டில் ஒரு முள் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சபையாரை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு, நீங்கள் எதிர்பார்க்காத ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. உங்கள் சபையிலும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் சகோதரர்கள் பின்வரிசையில் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். நான்கு ஆண்டுகளுக்குமுன், இராமநாதபுரக் கடற்கரையில் பிறந்து இங்கே கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பி எங்களோடு வந்தார். எங்கள் கையிலெல்லாம் நூற்றுக்கணக்கான வெள்ளி விலையுள்ள தூண்டில்கள். அவர் ஒரு மரக்கட்டையில் சுற்றிய தூண்டில் நரம்பை எடுத்து, நுனியில் ஈயக்குண்டு கட்டி, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த என் அண்ணன் மகனின் விரலை எடுத்து அந்த நரம்பின்மேல் வைத்து, "இது நீரோட்டம் தம்பி, இழுத்துக்கிட்டே இருக்கும். இது நண்டு, பிறாண்டும். மீன்னா தட்டிட்டு நிக்கும், அப்ப அசையாத" என்றார். அன்று நல்ல கொடுவா ஒன்று அவருக்கு மாட்டியது. அதைவிடப் பெரிய காரியம், ஐந்து ஆண்டுகளாக "வாங்க பிரதர், போங்க பிரதர்" என்ற அளவில் இருந்தவர் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வாத்தியாரானது. இப்போது அவர்தான் எங்கள் பயணங்களை நடத்துகிறார். ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால், ஆராதனை முடிந்த பிற்பகலில், எம்ஆர்டியிலும் பேருந்திலும் போகக்கூடிய இடமாகப் பார்த்து, உணவுச் செலவைக் குடும்பஸ்தர்கள் பகிர்ந்துகொள்ளும்படி வையுங்கள்.

பாதுகாப்பில் இரண்டைத்தான் அழுத்திச் சொல்வேன். ஒன்று இடி. சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் எங்காவது இடி முழங்குகிறது. கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கம் காதில் விழுந்ததும் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மீன் கடித்துக்கொண்டிருக்கிறது என்ற சாக்கை நான் யாரிடமும் ஏற்றதில்லை. மற்றது, செம்பிலாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் முள் கெளுத்தி. அதன் துடுப்பு முள் குத்தினால் வளர்ந்த ஆளும் அலறுவார். தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், சுட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டு, குத்துப்பட்ட இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதனால் ஒரு குடுவை வெந்நீர் இல்லாமல் நாங்கள் புறப்படுவதில்லை.

கடைசியாக, திரும்பி வந்தபின் பகிர்வதைப் பற்றி. நம் சபைகளில் சைவக் குடும்பங்களிலிருந்து விசுவாசத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னமும் மாம்சம் தொடாதவர்களும் உண்டு. உணவு விஷயத்தில் சகோதரனுக்கு இடறலாக நடக்காதே என்று பவுல் ரோமர் 14-இல் எழுதியதை, குழுவில் படம் போடுமுன் நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் தெரியும் படம் வேண்டாம். அந்தச் சகோதரிகளையும் சகோதரர்களையும் விட்டுவிடவும் வேண்டாம்: உபின் தீவின் செக் ஜாவா சதுப்புக் கரையில் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளில் மரநடைபாதையில் நடந்தாலும், செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் தங்கும் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்தாலும், அதே காத்திருப்பும் அதே களைப்பும் கிடைக்கும். உங்கள் ஒன்பது வயது மகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, எல்லாவற்றையும் மகனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கூட்டத்தில் தண்ணீரை மிகக் கூர்மையாகப் பார்ப்பவள் ஒரு பதினொரு வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

டிசம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் சனிக்கிழமைக்கான ஓதப் பட்டியலை இன்று இரவே பிள்ளைகள் இருவரிடமும் கொடுத்து நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நீர் ஏறத் தொடங்கும் வேளை மாலையில் அமைந்தால் நல்லது. ஆளுக்கு ஒரு கைநரம்பு, நான்கு சிறு கொக்கி, கால் கிலோ இறால், ஒரு துணி, ஒரு குடுவை வெந்நீர், வீட்டிலிருந்து தக்காளிச் சோறு. பின்வரிசைச் சகோதரர் ஒருவருக்கு இப்போதே தொலைபேசியில் பேசி, சனிக்கிழமை வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள்.